கோழிக்கூட்டுக்கு அடியில் வைரம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்சில் என் கணவர் கந்தையாவை மிஞ்சிய எழுத்தாளர் யாரும் இல்லை. அச்சகம் ஓடவில்லை, தாளும் கிடையாது. பழைய ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில் துப்பறியும் தொடர்கதை எழுதுவார். ஒரே பிரதி வீடு வீடாகப் போகும். படிக்கக் கூலி ஒரு மரவள்ளிக்கிழங்கு. எங்கள் அடுப்பு எரிந்ததே அவர் செய்த கொலைகளால்தான். அதற்கு அவர் அடித்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா!

ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துக் கைமாற்றிவிட்ட பக்கத்து வீட்டு அந்தோனிப்பிள்ளை மறுநாள் காலை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கந்தையர், கதையிலை அந்தத் திருட்டு வைரத்தைக் கோழிக்கூட்டுக்குக் கீழை புதைக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ர கற்பனை," என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"மாதாவே! என்ர ரேடியோ அங்கைதான் கிடக்கு!"

ஒளித்து வைத்த ரேடியோ அகப்பட்டால் தலை போகும். கதையோ அன்று வாசு வீட்டில். ஜப்பான் போலீசுக்கு மொழிபெயர்ப்பவன். படித்ததையெல்லாம் நம்புகிறவன். கிணற்றில் பிணம் என்று இவர் எழுதிய வாரம், எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பட்டப்பகலில் ரேடியோவைத் தோண்டி எடுத்தாலோ தெருவே பார்க்கும்.

கதையில் ஊர்த் திருடனையெல்லாம் பிடிக்கிற என் கணவர் வாயைப் பிளந்து நின்றார். நானே பேனாவை எடுத்தேன். பத்தாம் அத்தியாயத்தில் துப்பறிவாளர் பத்துக் கோழிக்கூடுகளைத் தோண்டுகிறார். கிடைத்தது எச்சம் மட்டும். சேவல் கொத்தி மூக்கு வேறு வீங்குகிறது. மை காயுமுன் அதை இவர் கையில் கொடுத்து வாசு வீட்டுக்கு விரட்டினேன்.

சாயங்காலம் வாசு வந்தான், கையில் மண்வெட்டியோடு.

"நல்ல வேளை லா அண்ணே! எல்லாக் கூட்டையும் தோண்டலாம்னு கிளம்பிட்டேன். இதைப் படிச்சதும் வெட்கமாப் போச்சு. நீங்க எழுதுனதிலேயே இதுதான் பெஸ்ட்!"

இவர் கொஞ்சமும் கூசாமல் தலையை ஆட்டினார். பாவி மனுஷன்!

"அப்போ வைரம் எங்கண்ணே?"

"நாளைக்கு வாரும்," என்று நான் முந்திக்கொண்டேன்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாள் பதினொன்றையும் நானே எழுதினேன். யார் வீட்டிலும் எதுவும் இருக்க முடியாத இடமாக யோசித்தேன். அரிசிப் பெட்டி! அரிசியைக் கண்டு மாதக்கணக்கான ஊரில் அதை யார் திறக்கப் போகிறார்கள்? வைரத்தை அதற்குள் போட்டு, முதலில் படிக்கும்படி அந்தோனிப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

படித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கரத்தினம் அக்கா, ராவோடை ராவா நான் அதை அரிசிப் பெட்டிக்குள்ளை மாத்தினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; அந்த அத்தியாயத்தை வாங்கி என் கையில் திணித்தார்.

"வாரும் எழுத்தாளரே! முதல்லை உம்மட கற்பனையை அடுப்பிலை போடும்."