கேள்வி கேட்காதே, தோள் கொடு

“கேள்வி கேட்காதே!” என்று அக்கா கணீரென்று சொன்னாள்.

“தோள் கொடு!” என்று தையற்கூடமே திருப்பிச் சொன்னது.

படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் கூடம் அது. நாட்டின் பெரியவர் ஒருவர் எப்போதோ சொன்ன அந்த வாக்கியத்தை ஒப்பிக்காமல் அங்கே ஒரு தையல்கூட விழாது. ஒப்பிக்க வைப்பவள் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் அவள் ‘அக்கா’தான். ஆனால் உடன்பிறந்த உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடியவள் ஒருத்திதான். பட்டன் குத்தும் மிஷினில் உட்கார்ந்திருந்த அவள் தங்கை.

“அக்கா, கொஞ்சம் இங்க வாயேன்.”

“இன்னும் வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்னடி?”

“இந்த மிஷின் மிதிக்காமலே எறங்குது. நேத்தே சொன்னேன்ல?”

“உன்கிட்ட மட்டும்தான் அது பேயாட்டம் ஆடுமா?”

“பேயா இருந்தா ஓட்டிடலாம். இதுக்கு மெக்கானிக்தான் வரணும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. “மெக்கானிக் வந்தா லைனை நிறுத்தணும். சாயங்காலம் லாரி வந்து நிக்கும். எல்லையில நிக்கிறவன் சட்டை இல்லாம நிக்கட்டுமா? இப்பத்தானே சொன்னே, தோள் கொடுன்னு? வாய் மட்டும்தான் சொல்லுச்சா? நாட்டு மேல கொஞ்சமாவது பற்று வேணும்டி!”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். திருடி என்றால்கூடத் திருப்பிக் கேட்கலாம். நாட்டுப்பற்று இல்லாதவள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், யாருக்கு வாய் எழும்?

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மிஷின் தானாக இறங்கிவிட்டது. தங்கையின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. காப்பாற்ற வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேலாளர் ஒரு கூடைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே அக்கா, பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

“அழாதீங்கம்மா. உங்க தங்கச்சி நாட்டுக்காக விரலையே கொடுத்திருக்கா. பெரியவர் சொன்னதை அப்படியே வாழ்ந்து காட்டிட்டா!”

கட்டிலில் இருந்தவள் மெல்லக் கேட்டாள்: “அவர் அதை எப்போ சொன்னார் சார்?”

“அது… ஏதோ போர்ல.”

“வெள்ளத்துல சார். ஆத்துல ஜனம் அடிச்சிக்கிட்டுப் போகுது. கரையில நின்னவங்க, ‘அவங்க எந்த ஊரு, நம்ம ஆளுங்கதானா?’ன்னு விசாரிச்சிக்கிட்டே கயித்தைப் போடாம நின்னாங்க. அவங்களைப் பார்த்துச் சொன்னார். பரீட்சைக்கு அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தா.”

மேலாளர் செருமிக்கொண்டு, “ரெஸ்ட் எடும்மா” என்று நழுவினார்.

அக்காவுக்கு அந்தப் பாடம் முழுவதும் நினைவுக்கு வந்தது. ஆற்றையும் கயிற்றையும் உதறிவிட்டு, வெறும் அதட்டலை மட்டுமல்லவா இத்தனை காலம் காலை தவறாமல் ஒப்பித்திருக்கிறாள்!

“என்னை நல்லாத் திட்டிடுடி.”

“திட்டினா விரல் முளைக்குமாக்கா?” தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “தலை சிக்காக் கிடக்கு. பின்னி விடு. ஒரு கையால எனக்கு வரல” என்றாள்.

அக்கா சீப்பை எடுத்தாள். சிக்குக்குள் சீப்பு நகரவில்லை. விரலாலேயே ஒவ்வொரு சிக்காகப் பிரித்தாள்.

அடுத்த நாள் காலை, கூடம் வழக்கம்போல் வரிசையில் நின்று காத்திருந்தது. அக்கா வாக்கியத்தைச் சொல்லவில்லை.

“எந்தெந்த மிஷின் சரியில்ல? சொல்லுங்க.”

பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பாதிக் கூடமே கை தூக்கி நின்றது.

“அடிப்பாவிங்களா, ஏன் இத்தனை நாளாச் சொல்லல?”

“சொன்னா நாட்டுப்பற்று இல்லன்னு சொல்லுவீங்களேக்கா” என்றாள் முன்வரிசைக்காரி.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தவிக்கிறவன் யாருன்னு கேட்காதேன்னுதான் அந்தப் பெரிய மனுஷன் சொன்னார். தப்பைத் தட்டிக் கேட்காதேன்னு சொல்லல. நாடுன்னா வேற எங்கயோ இருக்குன்னு நெனச்சு, பக்கத்துல இருந்தவ கையைப் பார்க்காம விட்டுட்டேன். நாட்டை நேசிக்கிறவங்கதான் முதல்ல கேள்வி கேட்கணும். கேளுங்கம்மா. லைன் நிக்கட்டும்.”