சக்களத்திக்குத் தண்ணீர்

சாவியைத் திருகிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் எஞ்சின் மறுபடியும் நின்றுபோனது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் குழாய், வாளியிலிருந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சும்மா இருந்தது. அவள் படகின் விலாவில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"இன்னிக்குமாடி உன் வீம்பு?"

அந்தப் பழைய மோட்டார் படகை அவள் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற புருஷன், பேரம்கூடப் பேசாமல் காயலான் கடையிலிருந்து அதை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் கட்டைகள்மேல் ஏற்றிவைத்து, சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வைத்தால் வேறு என்னவென்று சொல்வது? உளுத்த பலகைகளை மாற்றினார். எஞ்சினைப் பிரித்துப் போட்டார், திரும்பச் சேர்த்தார், மிச்சம் விழுந்த திருகாணிகளைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். எல்லாம் கூடிவரும் நேரத்தில் நோய் வந்து படுக்கையில் தள்ளிவிட்டது.

பாக்கியிருந்தது வண்ணப்பூச்சுதான். அதை அவள் எடுத்துக்கொண்டாள். தையல்காரி, துணியில் ஒரு நூல் பிசிறுகூடப் பொறுக்காதவள். நீலம் படாத இடம் படகில் இல்லை.

காலையில் வந்த நர்ஸ் அவளைத் தனியே அழைத்து, இன்றைய பொழுது தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது ஓடுற சத்தத்த ஒரு தடவ கேட்டுடறேன்." இதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி என்றிருந்தது அவளுக்கு.

படுக்கை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. மகள் அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, டேங்குக்கு மூச்சு முட்டுதுங்குறாரு அப்பா. மூடியில குட்டியா ஒரு ஓட்டை இருக்குமாம். பாரு."

பார்த்தாள். பெட்ரோல் டேங்க் மூடி பளபளவென்று நீலமாக இருந்தது. ஓட்டையைக் காணோம்.

"ஐயோ, நாந்தாண்டி பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டேன்!"

உள்ளிருந்து என்னவோ சத்தம் வந்தது.

"சிரிக்கிறாரும்மா. சக்களத்தி கழுத்த நெரிச்சுட்டியான்னு கேக்குறாரு."

சட்டைக் கழுத்தில் செருகியிருந்த குண்டூசியை உருவி மூடியில் குத்தினாள். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. சாவியைத் திருகினாள். எஞ்சின் இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"நிறுத்திட்டு உள்ள வரட்டுமா?"

"வேணாமாம்மா. ஓடட்டுமாம்."

அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்போலத் தவித்தது. ஆனால் வாளி காலியானால் எஞ்சின் சூடேறிக் கருகிவிடும். தெருக்குழாயில் வேறு காலையிலிருந்து தண்ணீர் இல்லை. டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். அது எஞ்சினைச் சுற்றிவந்து பின்பக்கக் குழாய் வழியாக அவள் காலடியில் கொட்டியது.

"தண்ணி சூடா வருதான்னு கேக்குறாரு!" மகள் கத்தினாள். சூடாக வந்தால் எஞ்சின் நல்லபடியாக ஓடுகிறது என்று அர்த்தம்.

கையை நீட்டினாள். பச்சைத் தண்ணீர்.

"இன்னும் இல்ல! கொஞ்சம் பொறுக்கச் சொல்லு!"

மொண்டாள், ஊற்றினாள், கை வைத்துப் பார்த்தாள். இடுப்பு விட்டுப்போனது. மறுபடி மொண்டாள். கடைசியில் விரல்களில் வெதுவெதுவென்று தட்டுப்பட்டபோது அவளுக்குச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷம் பொங்கியது.

"வருதுங்க! சூடா வருது!"

ஜன்னலில் யாரும் இல்லை. திரும்பினாள். மகள் பின்வாசலில் நின்றிருந்தாள்.

"கேட்டுச்சா அவருக்கு?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சத்தத்த கேட்டுக்கிட்டேதாம்மா இருந்தாரு."

அவள் வாளியை விளிம்புவரை நிரப்பினாள். ஸ்டூலில் ஏறி வேகத்தைக் குறைத்தாள். இறங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"அம்மா..."

"இருடி. படக்குன்னு நிறுத்தக் கூடாதும்பாரு."

எஞ்சின் தணிந்து, சீராக ஓடும்வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

கீழே இறங்கியபோது, பின்குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் வடிந்து அவள் வெறும் பாதங்களைச் சுற்றித் தேங்கியது. அது ஆறும்வரை அங்கேயே நின்றாள்.