அழுத்தாத கை

ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிற அவளுக்குக் கல்லுக்கை என்று பெயர். யார் தொடையை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அளவு மாறாது. மனசும் கல்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

தம்பிக்குத் தசை கரையும் நோய் வந்தபோது, அவனை அளக்க வேறு யாரையும் அவள் விடவில்லை. அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தானே. மாதாமாதம் வந்து படுப்பான். தொடையில் ஜெல் தடவி, கருவியை வைத்து, தசை எவ்வளவு தடிமன் என்று அதன் கனத்தைத் திரையில் அளப்பாள். கருவியை நன்றாக அழுத்தி அளப்பது அங்கே வழக்கம். தொட்டும் தொடாமலும் அளக்கிற இடங்களும் உண்டு. அப்படி அளந்தால் தசை நசுங்காது, கனம் கூடுதலாகத் தெரியும். எப்படி அளந்தாலும் சரி, கடைசிவரை ஒரே மாதிரி அளக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

கனம் குறைந்தால் மருந்தை மாற்றிவிடலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் தசை மிச்சம் இருக்கும்போதே மாற்ற வேண்டும்; கரைந்தபின் கொடுத்தால் விழலுக்கு இறைத்த நீர்.

கனம் குறையவே இல்லை. அவள் வாயெல்லாம் பல்லாக நம்பர் சொல்வாள். வீட்டில் தம்பி கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து மாடி ஏறினால், சோம்பேறி என்று திட்டுவாள். கண்ணெதிரே இருந்த காலைவிட அவளுக்குத் திரைதான் பெரிதாகப் போயிற்று.

ஒருநாள் அவன் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்ததை டாக்டர் பார்த்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படத்தில் தசை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று கொழுப்பு.

எம்.ஆர்.ஐ. அறைக்காரரிடம் அவள் சண்டைக்கே போய்விட்டாள். காந்தத்தால் படம் எடுக்கிற மெஷின் என்பதால் அவரை எல்லோரும் காந்தம் என்பார்கள். மெஷினில்தான் கோளாறு, என் அளவு தப்பாது என்று அவள் சாதித்தாள். தம்பி அளக்கப் படுத்திருந்த நாளில் அவர் அவள் அறைக்கே வந்து, அவனுடைய பழைய படங்களைத் திரையில் வரிசையாகப் போடச் சொன்னார்.

"தசையை விடும்மா. தோலுக்கு மேல பாரு," என்றார்.

முதல் படத்தில் கருவி தோலோடு ஒட்டியிருந்தது. அடுத்ததில் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அழுத்தாமல் விட்ட ஜெல். அதற்கடுத்த படத்தில் கோடு தடித்திருந்தது. மாதாமாதம் தடித்துக்கொண்டே போனது. அத்தனை நாளில் வளர்ந்தது அது ஒன்றுதான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தசை கரையக் கரைய, கை தானாக அழுத்தத்தைக் குறைத்திருந்தது.

காந்தம் சத்தமில்லாமல் வெளியே போனார். படுக்கையிலிருந்த தம்பிதான் முதலில் பேசினான்.

"எனக்குத் தெரியும்க்கா. முதல் தடவை வலிக்கிற மாதிரி அழுத்தினே. அப்புறம் உன் கை லேசாயிட்டே வந்துச்சு. கால் மோசமாகுதுன்னு உன் கையை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஏன்டா சொல்லலை?"

"நம்பர் சொல்லும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அதைக் கெடுக்க மனசு வரலை."

அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். மருந்தை மாற்றியிருக்கக்கூடிய மாதங்களையெல்லாம் அக்காவும் தம்பியுமாக, ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தாலேயே தின்று தீர்த்திருந்தார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

டாக்டருக்குச் சரியான அளவு வேண்டும். தம்பி லுங்கியைத் தொடைவரை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"வேற யாரோட காலோன்னு நெனச்சு அழுத்துக்கா."

அழுத்தினாள். திரையில் எலும்பு மேலே ஏறி வந்து, நடுவில் தசை என்று சொல்ல அதிகம் இல்லாமல், தோலுக்குப் பக்கத்தில் நின்றது.

"எவ்வளவு?" என்று கேட்டான். கேட்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். இந்தத் தடவை அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.