வாங்கு உபயம்

என் புருசன் சிவநேசனுக்கு ஒரு வியாதி உண்டு. கோயிலுக்கு எதைக் கொடுத்தாலும் அதில் தன் பெயரை வெட்டிவிடுவார். மணிக்கூடு, உண்டியல், செருப்பு வைக்கிற தட்டு, எல்லாவற்றிலும் "உபயம்: சிவநேசன் குடும்பம், பூம்ப்ளிஸ்". செருப்புத் தட்டில் எங்கள் பெயரைக் கண்ட பிறகு நான் ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. இது தெரிந்திருந்தும், தெருவில் ஆட்கள் உட்காருகிற வாங்கு ஒன்று செய்யும் வேலையை அவரிடம் கொடுத்தது என் மடத்தனம்.

பூம்ப்ளிஸ், சுவிஸின் பேர்ண் நகரத்தில் நாங்கள் இருக்கிற பகுதி. அதே பேர்ணின் பழைய நகரத்தில் ஒரு கல்வீடு இருக்கிறது. அதைக் கட்டிய வியாபாரிக்கு அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டம் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிப்போய் விற்கப்பட்டவர்கள் அங்கே அடிமைகளாய் உழைத்தார்கள். அந்தக் காசில் எழும்பிய வீட்டின் வாசலில் வியாபாரியின் பெயர் மட்டும் பெரிதாய்ச் செதுக்கிக் கிடக்கிறது. உழைத்தவர்களை நினைக்க, அந்த வாசலுக்கு எதிரே உட்கார ஒரு வாங்கு போடவேண்டும் என்று ஏழு பேர் இரண்டு வருசமாய்ச் சம்பளமில்லாமல் அலைந்தோம். எங்கள் தலைவி அமா. நான் சமைக்கிற ஆஸ்பத்திரியில் தாதி. தாய் தகப்பன் கானாவிலிருந்து வந்தவர்கள், அவள் பிறந்தது பேர்ணில்.

கொடுத்தவர் பெயர் எதுவும் வாங்கில் வரக்கூடாது என்று கூட்டத்தில் சட்டம் போட்டவள் நானேதான். மேசையில் தட்டிச் சொன்னேன். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

திறப்பு சனிக்கிழமை. வியாழன் பின்னேரம் அவருடைய இரும்புப் பட்டறைக்குப் போனால் வாங்கு பளபளவென்று நிற்கிறது. சாய்வில் பித்தளைத் தகடு. தகட்டில் "உபயம்: சிவநேசன் குடும்பம்". எனக்கு உச்சி கொதித்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ? இதைக் கழட்டுங்கோ."

"ஏன் கழட்ட? ஆறு கிழமையா லீவு நாளெல்லாம் நிண்டு செய்தது நான்."

"அந்த வீட்டுக்காரனும் பேர் போட்டவன்தான். உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "முப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன். கோப்பை கழுவின இடத்திலை 'ஹலோ' எண்டுதான் கூப்பிட்டவங்கள். என்ரை பேரை ஒருத்தன் முழுசாச் சொல்லேல்லை. பேர் இல்லாட்டி வாங்கும் இல்லை. போய்ச் சொல்லும்."

கைப்பையில் இருந்த தாளை எடுத்து அவர் முன்னால் எறிந்தேன். தோட்டத்தில் உழைத்தவர்களின் பட்டியல். தோட்டத்தின் பழைய சொத்துப் பதிவொன்றில் மாடுகளின் கணக்குக்குக் கீழே எழுதியிருந்ததை அமா நகலெடுத்து வந்திருந்தாள். "இவையளின்ரை முழுப்பேரையும் ஒருத்தரும் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டு ட்ராம் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். சாப்பிட்டபடி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குவாமி எண்டு ஒருத்தன். கொல்லன் எண்டு போட்டிருக்கு. எங்கடை தொழில்காரனோ?"

"ஓம்."

"வயசு இருபத்தாறு," என்றார். கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டார். வாங்கு வராது என்று அமாவுக்கு அறிவிக்க நாலு தரம் போனை எடுத்தேன், நாலு தரமும் வைத்துவிட்டேன்.

சனி காலை அறுபது பேர் கூடிவிட்டார்கள். அமாவின் மாமன்மார் மேளம் கொண்டுவந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு வான் வந்து நின்றது. எங்கள் மனுசன் பட்டு வேட்டியோடு இறங்கினார். நாலு பேர் சேர்ந்து வாங்கை இறக்கினார்கள். சாய்வு முழுக்க ஒரு சேலையால் மூடியிருந்தது. அது என்னுடைய கூறைச்சேலை. அடப் பாவி மனுசா, இவ்வளவு எடுப்பு எடுத்தால் உள்ளே நிச்சயம் உன் பெயர்தான் என்று நினைத்தேன். ஓடிவிடலாமா என்றிருந்தது.

அமா சேலையை எடுத்தாள். மேலே தமிழில் "உபயம்". அதன் கீழே சிவநேசனைக் காணவில்லை. குவாமி, அபா, குவாசி, அக்கூபா என்று தாளில் இருந்த இருபத்திரண்டு பெயரும் ஊருக்கே வாசிக்கத் தெரிந்த ஜெர்மன் எழுத்தில் வரிசையாக நின்றன.

அமா ஒவ்வொரு பெயராய் உரத்து வாசித்தாள். கூட்டம் திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு பெயருக்கும் மேளம் விழ, பின்னால் நின்ற பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

முடிந்ததும் முதல் சொல்லைத் தொட்டு என்னவென்று கேட்டாள். கோயிலுக்கு ஒன்றைக் கொடுத்தவரின் பெயருக்கு முன்னால் நாங்கள் போடுவது என்றேன்.

"இவர்கள் எதைக் கொடுத்தார்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் சிவநேசன் எதிரே கையை நீட்டினார். "அந்த வீடு," என்றார்.

"கொடுக்கவில்லையே. பறித்ததல்லவா?" என்றாள் அமா.

"ஓம், பறிச்சதுதான். ஆரிட்டைப் பறிச்சதோ, அவையின்ரை பேர்தானே வரோணும்."

முதல் பாதியைத் தமிழிலும் மிச்சத்தை உடைந்த ஜெர்மனிலும் சொன்னார். அமாவுக்கு விளங்கியது. அறுபது பேரும் திரும்பி அந்த வீட்டைக் கூரையிலிருந்து வாசல்வரை பார்த்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் நடுத்தெருவில் அவரைக் கட்டிப்பிடித்தேன்.