திரைக்குப் பின்னால் கேட்ட எஞ்சின்

கொட்டாஞ்சேனையில், காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையொன்றில் பழுது பார்ப்பவள் மெற்றில்டா. மிளகளவு ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பூட்டியே பதினாறு வருடம் போய்விட்டது. மிச்ச நேரமெல்லாம் அவளுக்கு, சின்னதாய்ச் செய்து மேசையில் ஓட விடும் மொடல் ரெயில்தான். கணவன் கிளறன்ஸ் துறைமுகத்தில் கிளார்க். “மற்றவையின்ட மனிசிமார் நகை கேக்கினம், இவ தண்டவாளம் கேக்கிறா” என்று அலுத்துக்கொண்டே வாங்கிக் கொடுப்பவன்.

பம்பலப்பிட்டியில் வருடாவருடம் நடக்கும் மொடல் ரெயில் கண்காட்சியில் மூன்று முறை தொடர்ந்து கப் எடுத்தவன் வெள்ளவத்தை அபிஷன். அவனுடைய எஞ்சின் வெளிநாட்டில் செய்தது. விளக்கும் சத்தமும் உள்ளேயே பூட்டி வந்தது. நம்மூர் நிறத்தைப் பூசியது மட்டும்தான் அவன் வேலை. போன வருடம் மெற்றில்டா தன் கையால் கட்டிய எஞ்சினை ஓட விட்டபோது அவன் சொன்னான்: “அக்கா, வடிவாச் செய்திருக்கிறீங்கள். ஆனா சத்தம் கேத்தில் கொதிக்கிற மாதிரிக் கிடக்கு.”

மண்டபமே சிரித்தது. மெற்றில்டாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைக் குத்தியது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியோடு தெமட்டகொடை ஸ்ரேஷனுக்குப் போகத் தொடங்கினாள். பழைய கனேடிய டீசல் எஞ்சின் வரும்வரை மேடையில் காத்திருப்பாள். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. புறப்படும்போது எஞ்சின் முதலில் உறுமுகிறது. தண்டவாளத்தில் சில்லு உருள்வது அதற்குப் பிறகுதான். பின்னால் இழுக்கும் பெட்டிகளின் பாரம் அந்த இடைவெளியில்தான் கேட்கிறது. வீட்டு மேசையில் அடுத்த பாடு தொடங்கியது. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அடித்தொனி ஒழுகிவிடும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த சங்கதி. காற்றுப் புகாத சின்னப் பெட்டி ஒன்று செய்தாள். சரிவரவில்லை. பதினொன்று செய்து எறிந்தாள். பன்னிரண்டாவதைப் பூட்டி ஓட விட்டபோது மேசைப் பலகையே அதிர்ந்தது.

இந்த வருடப் போட்டிக்கு நடுவர் இப்திகார். முப்பத்திநாலு வருடம் அந்த எஞ்சின்களையே ஓட்டி ஓய்வு பெற்றவர். வெளிச்சத்துக்கு இருபத்தைந்து புள்ளி, சத்தத்துக்கு இருபத்தைந்து. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு எஞ்சின்கள், அபிஷனுடையதும் மெற்றில்டாவினதும்.

யன்னல் சீலைகளை இழுத்து மூடினார்கள். அபிஷனின் எஞ்சின் முன்விளக்கு, இலக்க விளக்கு, சாரதி அறை விளக்கு என்று பளிச்சென்று ஓடியது. மெற்றில்டாவின் முன்விளக்கு பழைய குமிழைப் போலவே மங்கலாகத் தொடங்கி மெல்ல மஞ்சளாகப் பழுத்தது. இப்திகார் தலையாட்டினார். இரண்டாவது தடவை வட்டம் வரும்போது அவளுடைய எஞ்சினின் பின்விளக்கு ஒன்று பட்டென்று அணைந்தது. கம்பி ஒட்டு விட்டுவிட்டது.

அபிஷனுக்கு இருபத்துமூன்று. அவளுக்குப் பத்தொன்பது.

“கொஞ்சம் வெளியில போவமா, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்” என்றான் கிளறன்ஸ்.

“இரும். இன்னும் சத்தம் கிடக்கு” என்றாள் அவள்.

சத்தத்துக்கு நடுவரின் முன்னால் துணித்திரை கட்டினார்கள். எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. முதலாவது எஞ்சின் கம்பீரமாக இரைந்து ஓடியது, ஹோர்ன் பெரிய கப்பலைப் போல் முழங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். இப்திகார் எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டாவது எஞ்சின் நின்ற இடத்திலேயே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. பிறகு உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. பிரேக் காற்று சீறி விட்டது, அதன் பிறகே சில்லு அசைந்தது. திரைக்கு இந்தப் பக்கம் இப்திகாரின் வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு பிடியைப் பிடித்து முன்னால் தள்ளியது.

அவர் எழுந்து நின்றார். “மொதலாவது நல்ல சத்தம்தான். ஆனா அது வெறும் எஞ்சின். இது பின்னுக்கு ஒம்பது பெட்டியை இழுக்குது. இது நான் ஓட்டினது. ஆர்ட இது?”

மெற்றில்டா கையை உயர்த்தினாள்.

அவளுக்கு இருபத்துநான்கு. அபிஷனுக்குப் பதினெட்டு. மொத்தத்தில் இரண்டு புள்ளியால் கப் கொட்டாஞ்சேனைக்கு. கிளறன்ஸ் கதிரையில் ஏறி நின்று விசில் அடித்தான்.

அபிஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் சுருங்கித்தான் இருந்தது, ஆனாலும் கையை நீட்டினான். “போன வருஷம் நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது அக்கா. உள்ளுக்கு என்ன வைச்சனீங்கள்?”

“நீர் சொல்லாட்டி நான் தெமட்டகொடைக்குப் போயிருக்கமாட்டன், தம்பி. வாரும், கழட்டிக் காட்டுறன்.”

ஒரு சாண் எஞ்சினின் மூடியைத் திறந்து, அந்தப் பன்னிரண்டாவது பெட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

கோல் றோட்டில் பஸ் ஏறியபோது கப்பைப் பார்த்த கொண்டக்டர், எதற்குக் கிடைத்தது என்று சிங்களத்தில் கேட்டான். கிளறன்ஸ் வாயைத் திறக்குமுன், மெற்றில்டா பஸ் முழுக்கக் கேட்கும்படி சிங்களத்திலேயே சொன்னாள்: ரெயில் எஞ்சினுக்கு, தம்பி. நான் செய்தது.