மாஸ்டரின் மூக்கு

மாஸ்டருக்கு மூக்கு செத்துப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருவர் டாக்டர்.

மாஸ்டர் என்றால் சமையல் மாஸ்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனில் பதினெட்டு வருஷமாகத் தலைமைச் சமையல்காரர். ஒரு நாள் காலை, கழுவிவிட்ட தரையில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் நான்கு தையல். தையல் பிரித்த அன்று வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது, பொன்னிறமாவது கண்ணுக்குத் தெரிந்தது, வாசனை மட்டும் வரவில்லை. சளி என்று நினைத்தார். ஒரு வாரம், இரண்டு வாரம் போயிற்று. நாக்கில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் சுட்டது. அதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் மீனா உருளைக்கிழங்கா என்று பல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு அடிபட்டிருக்கு. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

மாஸ்டர் அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண் தெரியாத டிரைவர் அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டா வண்டி ஓட்டுவான்? அவரும் சொல்லவில்லை. கைப்பழக்கம் காப்பாற்றியது. எல்லாவற்றையும் கரண்டியால் அளந்து போட்டார். காய் நறுக்கும் அம்மாவிடம், "நீயும் கத்துக்கணும்ல, ருசி பார்த்துச் சொல்லு" என்று பெரிய மனது பண்ணுவதுபோல ஒரு கரண்டி நீட்டினார். அப்படியும் தப்பியவற்றை நோயாளிகள் குறை சொன்னால், பாவம், அது அவர்கள் நோயின் தலையில் விழுந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். மனைவியின் தம்பி.

குடோன் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த அவனுக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும் என்று பல வருஷக் கனவு. அதுவும் எங்கே? பக்கத்து ஆற்றைத் தாண்டி இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த பழைய சந்தை ஊரில். சாப்பிடுவதற்கும் சாமான் வாங்குவதற்கும் என்றே ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஊர் அது. அங்கே முட்டிவலிக்காரக் கிழவி ஒருத்தி முப்பது வருஷமாக நடத்திய கடையைக் கைமாற்றிவிடத் தயாராக இருந்தாள். "மாமாவோட கை இருந்தாப் போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று அவன் போன வருஷமே கேட்டிருந்தான். மாஸ்டரும் போன வருஷமே சரி என்றிருந்தார். அப்போது மூக்கு இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் தலைவலி என்றும் டியூட்டி என்றும் மூன்று முறை தட்டிக்கழித்துவிட்டார். நான்காவது முறை சொல்லப் பொய் கிடைக்கவில்லை.

ஒரு சந்தை நாளில் மூன்று பேரும் போய் இறங்கினார்கள்.

வளைவு வைத்த கல்வாசலைத் தாண்டியதுமே சந்தை தொடங்கிவிட்டது. வண்டிச் சக்கரம் ஓடி ஓடி நடுவில் பள்ளம் விழுந்த கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் தூண் வரிசைக்குப் பின்னால் இருட்டான கடைகள். மேலே மாடிகள் தெருவை எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் துருத்திக்கொண்டிருந்தன. தேன், ஊறுகாய், புகை போட்ட மீன், தோல் செருப்பு, திரைச்சீலைத் துணி. புதிதாகச் செய்து பழசுபோலத் துரு ஏற்றிய பூட்டு கூட விற்றார்கள். மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துத் தைத்து முதுகு வளைந்தவள் அவள். இங்கே துணிக்கடை ஒவ்வொன்றிலும் நின்று ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு தையலா!" என்று சந்தோஷமாக அலுத்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கு அந்தத் தெரு முழுக்கக் கண்ணிவெடி. இரண்டடிக்கு ஒரு முறை யாராவது ஒரு குச்சியில் எதையாவது குத்தி நீட்டினார்கள்.

"சும்மா ருசி பாருங்க சார், வாங்கணும்னு இல்ல!"

அவர் வாயில் போடுவார், போட்டுவிட்டு முதலில் மனைவி முகத்தைப் பார்ப்பார். அவள் கண் விரிந்தால், "பலே" என்பார். மூக்கு சுருங்கினால், "கொஞ்சம் மட்டம்தான்" என்பார். தேன் கடையில் அவள் முகம் திரும்பியிருந்தது. மாஸ்டர் எச்சிலை விழுங்கிவிட்டு, "இனிப்பா இருக்கு" என்றார்.

"தேன் இனிப்பாத்தான் இருக்கும் மாமா" என்று மைத்துனன் சிரித்தான். "என்ன, இன்னிக்கு உங்க மூடே சரியில்லையே. ஆளையே காணோம்."

"பஸ் குலுக்கல்ப்பா."

"கடையைப் பாருங்க, சரியாயிடும். அப்புறம் மாமா," அவன் குரலைத் தணித்தான், "அக்காகிட்ட இன்னும் சொல்லல. திங்கக்கிழமை வேலையை விட்டுட்டேன்."

மாஸ்டர் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். மனைவி ஒரு திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏங்க, இது நம்ம ஜன்னலுக்கு எடுக்குமா?" என்று கேட்டபடி வந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

கடை தெருவின் வளைவில் இருந்தது. முன்னால் எட்டு மேஜை. சாயம் தேய்ந்த பெஞ்சுகள். கடைக்கார அம்மா ஒரு முட்டியைக் கையால் பிடித்தபடி எழுந்து வந்து, மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா மாஸ்டர்? உங்க மச்சினன் உங்களைப் பத்திச் சொல்லியே என் காதை ரொப்பிட்டான். மத்தியானக் கூட்டம் வரதுக்குள்ள பின்னாடி போய் அடுப்படியைப் பாருங்க. அடுப்பு மூணும் எப்படி எரியுதுன்னு நீங்களே பத்தவெச்சுப் பாருங்க. எரியலைன்னு நாளைக்கு என் மேல பழி சொல்லக்கூடாது, ஆமா."

அடுப்படி தாழ்ந்த கூரையுள்ள நீளமான அறை. ஒரே ஜன்னல், ஈ வருகிறதென்று சாத்தியிருந்தது. தொட்டியில் ஒரு பெரிய பாத்திரத்துக்குள் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தனியாக நின்று சுற்றிப் பார்த்தார். நல்ல அடுப்படி. கைக்கெட்டும் உயரத்தில் கரண்டிகள், வழவழவென்று தேய்ந்த பலகை. ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவருக்குக் கை துறுதுறுத்தது. நடு அடுப்பின் திருகைத் திருப்பிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். இருந்த பெட்டி நமுத்துப்போயிருந்தது. ஒரு குச்சி உடைந்தது, ஒன்று உரசி உதிர்ந்தது.

"மாமா, ஒரு நிமிஷம்!" என்று முன்னாலிருந்து மைத்துனன் கூப்பிட்டான்.

போனார். மேஜை ஒன்றை எந்தப் பக்கம் தள்ளினால் வசதி என்று கேட்டான். அதைப் பற்றிப் பேசினார்கள். கடைக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி மனைவியிடம், "முதல்ல நீ குடிம்மா, வெயில்ல வந்திருக்கே" என்றாள். மாஸ்டர் ஒரு புதுத் தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். திருகு திறந்தே இருந்தது. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் கேஸ் சீறுவது கேட்கவில்லை.

அடுப்புக்கு முன்னால் நின்று பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார்.

வாசலில் மனைவி வந்து நின்றாள், கையில் சூப் கிண்ணம். "ஏங்க, இதை ருசி பாருங்களேன்" என்று சொல்ல வந்தவள் 'ஏங்க'வோடு நின்றுவிட்டாள். அவள் முகத்தைத்தான் அவர் பார்த்தார். அந்த மாதிரி முகத்தை அவர் அவளிடம் கண்டதே இல்லை. கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது. இரண்டே எட்டில் வந்து அவர் கையில் ஓங்கி அடித்தாள். குச்சிகள் தரையெங்கும் சிதறின.

"கேஸு! கேஸு! வெளிய போங்க!"

திருகை மூடியது அவள், ஜன்னலை முழங்கையால் இடித்துத் திறந்ததும் அவள்தான். மாஸ்டர் மரம்போல நின்றார். மைத்துனன் வந்து அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினான். கடைக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி பின்னாலேயே நொண்டி வந்தாள். பக்கத்துச் செருப்புக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "என்ன இப்படி நாறுது?" என்றார்கள். தெரு வரைக்கும் வந்திருந்தது.

கடைக்கார அம்மாதான் கேட்டாள்.

"ஏன் மாஸ்டர், உங்களுக்கு வாசனை வரலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சளியா?" என்றான் மைத்துனன். கேட்கும்போதே சளியாக இருக்கட்டும் என்ற கெஞ்சல் அவன் குரலில் இருந்தது.

"இல்லப்பா. விழுந்தேன்ல. அப்பலேர்ந்து இல்ல. எதுவுமே வரல."

"எதுவுமேன்னா?"

"எதுவுமே."

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தான், குரல் தானாக ஏறியது. "அஞ்சு மாசமா? அஞ்சு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? காலையில கூடச் சொன்னேனே மாமா, வேலையை விட்டுட்டேன்னு. அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலையா? நான் உங்களை நம்பித்தான்…" அவன் முடிக்கவில்லை. திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான்.

கடைக்கார அம்மா திட்டவில்லை. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாஸ்டர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு கட்டடம்தான். மேல என் பொண்ணும் பேரப்பிள்ளையும் இருக்காங்க. மனசுல வெச்சுக்காதீங்க, உங்ககிட்ட சாவியைத் தரமாட்டேன்." மாஸ்டர் தலையாட்டினார். அவராக இருந்தாலும் தந்திருக்கமாட்டார்.

பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கல்வாசலுக்குப் பக்கத்துத் திட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அவர்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் புறங்கையில் சூப் பட்டுச் சிவந்திருந்தது.

"மருந்து வாங்கிட்டு வரவா?" என்றார்.

"வேண்டாம்."

ரொம்ப நேரம் கழித்து அவளாகவே பேசினாள். அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் என் சமையலை நீங்க நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இதுல பூண்டு பச்சையா நிக்குது, அது அடி பிடிச்சிருக்கு, இதை இன்னொரு கொதி விட்டிருக்கணும். நீங்க தட்டுல கை வெக்கும்போதே எனக்கு உதறும். விழுந்து எழுந்ததுக்கு அப்புறம் தெனம் நல்லாருக்கு, அருமையா இருக்கு. மீன் கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கு நான் தூக்கிப் போட்டேனே, அதுல நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டு நல்லாருக்குன்னுதான் சொன்னீங்க. என் மேல பிரியத்துல சொல்றார்னு நெனச்சேன். மண்டையில அடிபட்டு மனுஷன் திருந்திட்டார்னு தையல் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

"அப்படி இல்ல…"

"எப்படி இல்ல?"

பிரியமும் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட. ஆனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் எப்படி நம்புவாள் என்று அவருக்கே தோன்றியது.

பஸ்ஸில் மைத்துனன் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இறங்கும்போது அக்காவின் பையைத் தூக்கிக் கீழே வைத்தான். மாமாவிடம் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் கேன்டீன் மேலாளர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுப்பிலிருந்து எடுத்துக் காய் நறுக்கும் மேஜைக்குப் போட்டார். காய் நறுக்கும் அம்மாவுக்கு இப்போது பக்கத்தில் ஒரு துணை. ருசி பார்க்க அவளைத்தான் புது மாஸ்டரும் கூப்பிடுகிறார். மைத்துனன் விடவில்லை; கடைக்கார அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அவளே இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்து சமைப்பது, அவன் ஓடியாடிப் பரிமாறுவது என்று பேசி முடித்திருந்தான். அக்காவுக்குப் போன் செய்து சொன்னான். மாமாவை விசாரிக்கவில்லை.

வீட்டில் மனைவி தேவைக்குப் பேசினாள். தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவர் சாப்பிடும்போது அடுத்த அறையில் தையல் மெஷினை ஓட்டினாள். ஒரு பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள், "அந்த டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்றாள்.

காத்திருக்கும் இடத்தில் நீளமான பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. அவள் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?" என்று கேட்டதால் அவர் பக்கத்துக்கு நகர்ந்தாள். நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இவ்வளவு பக்கத்துல இருந்தாலுமா? என் வாசனையுமா வரல?"

வருகிறது, லேசாக வருகிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பழக்கம் அப்படி.

"இல்லம்மா, வரல."

அவள் கண் கலங்கவில்லை. சரி என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள். பலகையில் அவர்கள் நம்பர் விழுந்தது. அவள் முதலில் எழுந்து, மடியில் வைத்திருந்த பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவர் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றாள்.