முதல் பூச்சு

"இன்னா வினோ, பல்லு எங்க போச்சு? எம்புள்ள பல்லு தெரியாம சிரிச்சதே கெடையாது."

"போட்டோல வாய் மூடித்தான் ஆன்ட்டி கீது."

"போட்டோவுக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு அவனுக்கு ஈறு வீங்கிக்கினு இருந்திச்சி. அதான் மூடிக்கினு நின்னான். நீ தொறந்து போடு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து கீதே, அத மறந்துடாத. அதுல தீக்குச்சிய சொருவிக்கினு திரிவான், கழுத."

வினோலியா தூரிகையைத் துடைத்துக்கொண்டே சரியென்று தலையாட்டினாள். பியாட்ரிஸ் அம்மாள் கோயில் முடிந்து நேரே வந்திருந்தாள். பைபிள் வைத்த பிளாஸ்டிக் பையை மடியில் போட்டு, மகன் முகம் கேன்வாஸில் எத்தனை தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பது மூன்று மாதமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையின் இரண்டாவது ஆராதனை.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் வினோலியாவின் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. டர்பென்டைன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். வாரத்தில் ஆறு நாள் அவள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிறந்தநாள் வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவாள். ஏழாவது நாள் ஆயில் பெயின்ட். ஃபிளெக்ஸ் இரண்டு கோடையில் வெளுத்துப் பேயறைந்த மாதிரி ஆகிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் மனசுக்கு வேண்டியவர்களின் போட்டோவை மட்டும் சனங்கள் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முகத்தைத் தொடுவதற்கு முன்னால் கேன்வாஸ் முழுக்கப் பின்னணி நிறத்தை ஒரே பூச்சாகப் பூசிக் காயவிடுவது அவள் வழக்கம். உயிரோடு இருப்பவர்களுக்குக் காப்பிக்கொட்டைப் பழுப்பு. போய்ச்சேர்ந்தவர்களுக்கு வெளிர்நீலம். யார் வைத்த சட்டமோ, லைன் சனங்களுக்கு அது கல்லில் எழுதின மாதிரி. விவரம் தெரியாத காலத்தில், பாத்திரக்கடை முனுசாமியின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் அழகாக நீலவானம் வைத்து வரைந்து கொடுத்தாள். அவர் சம்சாரம் ராஜம், "உக்காந்து போண்டா துன்ற மனுசன மேல அனுப்பிட்டியேடி பாவி" என்று கடைவீதியைக் கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து போட்டோவைக் கையில் வாங்கியதும் வினோலியா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பழுப்பா, நீலமா?

போன வருஷம், சுரங்கத்துக் கல்தூசி நெஞ்சில் அடைத்துச் செத்த புருஷனின் போட்டோவோடு வந்தபோது, பியாட்ரிஸ் அம்மாள் அந்தக் கேள்விக்குச் சுவரில் சாய்ந்து அழுதாள். மகன் சுந்தரராஜின் போட்டோவைக் கொண்டுவந்தபோது கேட்கவே விடவில்லை.

"பழுப்பு" என்றாள், அடித்துச் சொல்வதுபோல.

சுந்தரராஜ் காணாமல் போய் எட்டு மாதம். வேலை தேடி பெங்களூருக்குப் போகிறேன் என்றவனைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டதாகச் சொன்னவன் வினோலியாவின் அண்ணன் ஆபிரகாம். துபாய்க்குப் போய்விட்டான், எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் தன் பங்குக்கு அவனை நாலா திசைக்கும் அனுப்பியது. அவன் ஃபோன் அன்றைக்கு அணைந்ததுதான். ஆனாலும் பியாட்ரிஸ் அம்மாள் மாதம் தவறாமல் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்துவந்தாள். நம்பர் செத்துப்போனால் பிள்ளை எதிலிருந்து கூப்பிடுவான்?

வினோலியாவுக்குத் தெரியும், அவன் கூப்பிடமாட்டான்.

அவன் காணாமல் போன அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனை நேரத்தில் லைன் காலியாகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஆபிரகாமும் சுந்தரராஜும் நந்திதுர்க் பக்கம் ஒரு பழைய சுரங்க ஷாஃப்டின் உடைந்த சுவர் வழியாக உள்ளே போனார்கள். மூடி இருபது வருஷத்துக்கு மேலான குழிக்குள் செம்புக் கேபிள் இன்னும் தொங்குகிறது என்று யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு சுந்தரராஜ் இறங்கினான். கீழே காற்று கெட்டுக் கிடந்தது. "டேய் அபி, தல சுத்துதுடா" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் கயிறு கனத்தது. ஆபிரகாம் இழுத்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போகும்வரை இழுத்தான். பிறகு விட்டுவிட்டான். விழுந்த சத்தம் வர நேரமாயிற்று என்றும், வந்தது தண்ணீர்ச் சத்தம் என்றும் தங்கையிடம் சொன்னான்.

காய்ச்சலில் படுத்திருந்த வினோலியா எழுந்து, தூரிகை துடைக்கிற துணியைக் கிழித்து அவன் கைகளைக் கட்டினாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவர்தான். "ஜெயிலுக்குக்கூட போய்டுவேன் வினோ, அந்தம்மா மூஞ்சியப் பாக்க முடியாது" என்று அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். நாளைக்கு என்பது வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. விருந்தாளியாக வந்த பொய் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

படத்தைத் தொடங்கிய காலையில் அவள் கை அவளைக் கேட்காமல் வேலை செய்தது. வெள்ளையில் நீலத்தைக் குழைத்து, மூலைக்கு மூலை நிதானமாக இழுத்துப் பூசி முடித்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோதுதான் பூசியது நீலம் என்று தெரிந்தது. வேறு கேன்வாஸ் இல்லை. நீலம் காய்ந்ததும் அதன் மேல் பழுப்பைக் கெட்டியாகப் போட்டு மூடினாள். பழுப்புக்குள் மறையாத நிறம் ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கல்யாண வீடொன்றில் எடுத்த அந்தப் போட்டோவில் சுந்தரராஜின் தோளில் ஒரு கை கிடந்தது. பக்கத்தில் நின்ற ஆபிரகாமின் கை. எடுத்துவிடட்டுமா என்று அவள் முதல் நாளே கேட்டதற்கு, "வாணாம், செவுத்துல எம்புள்ள ஒண்டியா நிக்கவாணாம், சினேகிதன் கை இருக்கட்டும்" என்றாள் பியாட்ரிஸ் அம்மாள். ஆகவே கையையும் வரைந்தாள், மோதிரம் உட்பட. நேற்றுச் சாயங்காலம் ஆபிரகாம் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"அந்தக் கைய எட்த்துடு வினோ. அது இன்னும் புடிச்சிக்கினே கீது" என்றான்.

அவள் கத்தியால் சுரண்டி எடுத்தாள். கையோடு அடியிலிருந்த பழுப்பும் உரிந்து வந்தது. நீலம் எட்டிப் பார்த்த இடத்தில் மெல்லிசாக ஒரு பழுப்பை இழுத்து விட்டாள். ஆயில் பெயின்ட், ஒரு ராத்திரியில் காய்கிற சாமானா?

இப்போது பியாட்ரிஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தருகில் குனிந்தாள்.

"ஆமா, அபி கை எங்க? போன வாரம் இங்கதானே இருந்திச்சி?"

"மொகத்த மறைக்கிற மாதிரி இருந்திச்சி ஆன்ட்டி. அதான்..."

"தோள்ள கீற கை மொகத்த எப்பிடிடி மறைக்கும்?" சிரித்துக்கொண்டே, கை இருந்த இடத்தை விரலால் தொட்டாள். "அய்யோ, ஈரமா கீது! கெட்த்துட்டேன் பாரு." பதறிப்போய்ச் சேலை முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள்.

துடைத்த இடம் நீலமாக இருந்தது.

வினோலியாவின் வாயில் பதில் தயாராகத்தான் இருந்தது. பெயின்ட் தீர்ந்துபோச்சு, பழைய கேன்வாஸ், ஏதாவது ஒன்று. அவள் சுத்தமான தூரிகையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் அம்மாள் இன்னும் கொஞ்சம் துடைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு நீலம் விரிந்தது. பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு, பழுப்பு அப்பிய முந்தானையைப் பார்த்தபடி நின்றாள்.

சமையலறை வாசலில் ஆபிரகாம் டீ டம்ளரோடு வந்து நின்றவன், உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பியாட்ரிஸ் அம்மாள் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து விரல்வரை ஓடிய, தோல் புதிதாக மூடி மினுங்கிய தழும்பைப் பார்த்தாள். பைக் செயினில் மாட்டிக்கொண்டது என்று அவன் சொன்னபோது மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான்.

ஆபிரகாம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தகரக் கூரைமேல் ஒரு காக்கை தத்தித் தத்தி நடக்கும் சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்டது.

பியாட்ரிஸ் அம்மாள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். பைபிள் பையைத் திறந்து, பக்கங்களுக்கு நடுவே செருகியிருந்த துண்டுச்சீட்டை எடுத்தாள். சுந்தரராஜின் நம்பர் அதில் அவன் கையெழுத்திலேயே இருந்தது. சீட்டின் ஓரத்தில் அவள் விரலிலிருந்த பழுப்பு ஒட்டிக்கொண்டது.

"நான் யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் வினோலியாவுக்குத் தாங்கவில்லை. "ஸ்டேஷனு, கோர்ட்டு, ஒரு எழவும் வாணாம் எனக்கு. எங்க, எப்பிடின்னுகூட இன்னிக்கி கேக்கல. இந்த நம்பருக்குப் போட்ட ரீசார்ஜு வெள்ளிக்கெழமையோட முடியுது. மறுபடியும் போடட்டுமா, வாணாமா? அத மட்டும் சொல்லு கண்ணு."